நாமக்கல் கோல்ஃப் கிளப்

செவ்வாய், நவம்பர் 4

விடியற்காலையிலிருந்து தூறல். துணி எதுவும் காயவில்லை. பாப்பாவின் ஜட்டிகள் எல்லாம் ஃபேனுக்குக் கீழே கொடி கட்டி.

ஷூ கம்பெனிக்கு மூன்றாவது மெயில் போட்டாயிற்று. மூன்றுக்கும் ஒரே பதில், அதே நிமிடத்தில். "உங்கள் கடிதம் எங்களுக்கு மிகவும் முக்கியம்." படிக்காமலே முக்கியம்.

வீட்டுக்காரருடைய வலது ஷூ முன்பக்கம் வாய் பிளந்துவிட்டது. இடது, ஓரத்தில் ஆரம்பம். வாங்கி நாலு மாதம். பெட்டிக்குள் இருந்த அட்டையில் ஒரே பெருமை: தலைமுறை தலைமுறையாக கோல்ஃப் ஆடுகிறவர்களுக்குக் காலணியும் உடுப்பும் செய்கிற கம்பெனியாம். தண்ணீர் உள்ளே போகாதாம். ஒரு வருட உத்தரவாதமாம்.

கோழிப் பண்ணை சூப்பர்வைசருக்கு எதற்கு கோல்ஃப் ஷூ என்று கேட்காத ஆள் இல்லை. கம்பெனி கஸ்டமர் கேரிலும் (கஸ்.கேர்) கேட்பார்கள். இங்கே ஒரு தரம் எழுதிப் பார்த்துக்கொள்கிறேன், மெயிலுக்கு உதவும்.

– பிப்ரவரியில் ஷெட் கழுவும்போது வழுக்கி விழுந்தார். வலது கணுக்கால். உள்ளே பிளேட், ஏழு ஸ்க்ரூ.

– டாக்டர் சொன்னது: "இன்னொருக்கா இதே கால் மேல உழுந்தா நான் ஒண்ணும் பண்ண முடியாதுங்க. அப்புறம் குச்சிதான்."

– பண்ணையில் கொடுக்கிற முழங்கால் உயர ரப்பர் கம்பூட், பிளேட் இருக்கிற இடத்தில் உரசிப் புண்ணாகிறது. உள்ளே காலும் ஆடுகிறது.

– வீக்கம் முழுதாக வற்றவில்லை. கடையில் விற்கிற எந்த ஷூவிலும் அந்தக் கால் நுழையவில்லை.

– நஸ்ரின் (காலேஜில் மூன்று வருடமும் என் பெஞ்ச்). அவளுடைய அண்ணனுக்கு சேலம் டவுனில் செருப்புக் கடை. அவர்தான் யோசித்துச் சொன்னார்: "ஈரப் புல்லுல வழுக்காம நிக்கறதுக்குன்னே செய்யற ஷூ இது, தங்கச்சி. அடியில ரப்பர் மொட்டு மொட்டா இருக்கும். ஈர சிமெண்டுல நிக்காதா? அகல சைஸும் வருது." அவரே வரவழைத்துக் கொடுத்தார்.

நின்றது. ஜூலையில் மறுபடி வேலைக்குப் போனதிலிருந்து ஒரு தடவைகூட வழுக்கவில்லை. முதல் வாரம் முட்டைத் தட்டைத் தூக்கிக்கொண்டு ஈரத் தரையில் நடந்து காட்டி, யாரையோ விட்டு வீடியோ எடுத்து அனுப்பினார், வீரர்.

இப்போது அந்த அகலம் எங்கேயும் இல்லை. நஸ்ரினின் அண்ணனும் நாலு இடத்தில் கேட்டுவிட்டார். கம்பெனி மாற்றிக் கொடுத்தால்தான் உண்டு.

நாளைக்கு: பால் பவுடர். ப்ளீச்சிங் பவுடர் (போன மாதம் வாங்கினது தீர்ந்தது). தடுப்பூசி கார்டு எங்கே? ஷூ பில்லை நஸ்ரினிடம் கேட்க.

புதன், 5

மழை விட்டு விட்டு.

கடைசியில் ஒரு மனுஷப் பதில். அதுவும் ஒரு படிவம்தான். முப்பத்தோரு கேள்வி. ஆறு போட்டோ: அடி, குதி, நாக்கு, நாக்குக்குள் இருக்கும் லேபிள், இரண்டு பக்கமும், பக்கத்தில் ஸ்கேல் வைத்து.

அவர் வேலைக்குக் கிளம்புவதற்குள் ஷூவைத் துடைத்து மேசை மேல் வைத்து, விளக்கைத் திருப்பி, மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பப் பெண்ணை எடுக்கிற மாதிரி போட்டோ எடுத்தேன். அவருடைய அம்மா பார்த்துக்கொண்டே இருந்தார்.

"செருப்புப் பிஞ்சா தெச்சுப் போடறத உட்டுட்டு, பரீச்சைக்கு உக்கார்ந்தாப்பல உக்கார்ந்திருக்கறயே அம்மிணி."

"உத்தரவாதம் இருக்குதுங்க அத்தை. சும்மா உடறதா?"

"நீ படிச்சவ. எழுது எழுது."

படிவத்தில் ஒரு கேள்வி: வாரத்துக்கு எத்தனை ரவுண்டு ஆடுவீர்கள்? வெறுமையாக விட்டால் அடுத்த பக்கம் போகவில்லை. சைபர் போட்டேன், சிவப்பில் திட்டியது. அவர் கட்டிலிலிருந்து எட்டிப் பார்த்து, "ஷெட்டச் சுத்தி தெனமும் நாலு ரவுண்டு போறனே, அதப் போடு" என்றார். போடவில்லை. 1 என்று போட்டேன். போகவிட்டது.

இன்னொன்று: ஷூ ஏதேனும் ரசாயனத்தில் பட்டதா? இல்லை. டிக்.

போட்டோ எடுத்து முடித்துத் திரும்பினால் பாப்பா ஒரு ஷூவைக் கட்டிப்பிடித்து நாக்கைத் தொங்கவிட்டு நிற்கிறாள், நக்கப் போகிறாள். கத்தின கத்தலில் பக்கத்து வீட்டில் டிவி சத்தத்தைக் குறைத்தார்கள். கை, வாய், கழுத்து எல்லாம் கழுவி, சட்டை மாற்றி. ஒரு மணி நேரம் அவள் மூச்சையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் இல்லை. பதினாலு மாதக் குழந்தைக்கு எல்லாம் வாய் வழிதான், தெரியும். தெரிந்து என்ன.

சாயங்காலம் ஆறேகாலுக்கு அவர் வந்தார். வாசல் டப்பில் இறங்கி நின்றார், நான் உள்ளே இருந்து நூறு எண்ணினேன். வழக்கம்போல அறுபதிலேயே கால் எடுக்கப் பார்த்தார். "தொண்ணூத்தெட்டு வந்துருச்சு அம்மிணி." "அறுபத்தி ரெண்டுதான், நில்லுங்க."

அந்த நீல டப் ஆகஸ்டிலிருந்து இருக்கிறது. அவர் வேலைக்குத் திரும்பி மூன்றே வாரத்தில் பாப்பாவுக்கு நெஞ்சுச் சளி, ஏழு நாள் ஆஸ்பத்திரி, மூக்கில் ஆக்சிஜன் குழாய். "அப்பா என்ன வேலைங்க?" என்று அந்த டாக்டரம்மா கேட்டது ஒரே ஒரு தடவை. கோழிப் பண்ணை என்றதும் "ஓ" என்றார். அந்த "ஓ" இன்னும் காதில் இருக்கிறது. டிஸ்சார்ஜ் ஆன அன்றே டப் வாங்கினேன். பண்ணையில் ஒவ்வொரு ஷெட் வாசலிலும் கால் நனைத்துப் போக மருந்துத் தொட்டி வைத்திருப்பார்களே, கோழிக்கு நோய் வராமலிருக்க. கோழிக்கு வைப்பார்களாம், குழந்தைக்கு வைக்கக்கூடாதா?

வியாழன், 6

வெயில் எட்டிப் பார்த்தது. துணி பாதி காய்ந்தது.

பாப்பா தூங்கின நேரம் பார்த்து கஸ்.கேருக்குப் போன். தமிழுக்கு எண் இல்லை. ஆங்கிலத்துக்கு ஒன்றை அமுக்கி, காத்திருந்தேன். பாட்டுக்குப் பதிலாகக் குருவி கத்துகிற சத்தம் வைத்திருக்கிறார்கள். புல்வெளியில் நிற்கிற மாதிரி இருக்க வேண்டுமாம். இருபத்திரண்டு நிமிடம் குருவி.

பிறகு ஒரு பெண். பெயர் மேகா. சின்னக் குரல், ஒவ்வொரு வரிக்கும் மேடம். முப்பத்தோரு கேள்வியையும் மறுபடி முதலிலிருந்து கேட்டாள். "படிவத்திலேயே எழுதியிருக்கேனே" என்றேன். "ஆமாம் மேடம், என் திரையில் அது தெரியாது மேடம்."

பில் நஸ்ரினின் அண்ணன் பெயரில் இருப்பதால் அவர்தான் பேச வேண்டுமாம். அவர் சேலத்தில், ஷூ இங்கே, கால் பண்ணையில். யாரைப் பேச வைப்பது? மேலதிகாரியிடம் கேட்டுச் "சிறப்பு அனுமதி" வாங்கிவிட்டேன் என்றாள். நன்றி சொன்னேன். எனக்கே எரிச்சல், எதற்கு நன்றி?

"உங்கள் கணவர் எந்த மைதானத்தில் ஆடுகிறார் மேடம்?"

யோசித்து வைத்ததெல்லாம் போய்விட்டது. பண்ணை என்று சொன்னால் உத்தரவாதம் கிடையாது என்று சொல்லிவிடுவாளோ என்று பயம். "நாமக்கல்" என்றேன்.

"நாமக்கல் கோல்ஃப் கிளப்?"

"ஆமாம்."

தட்டச்சு செய்கிற சத்தம் கேட்டது. ஊரிலேயே இல்லாத கிளப் ஒன்று எங்கோ கம்ப்யூட்டரில் திறந்துவிட்டது. அதே நேரம் பார்த்துத் தெருவில் முட்டை வண்டி ஒலிபெருக்கி, பாப்பா எழுந்து அழுகை. "குழந்தையா மேடம்? பார்த்துக்கொள்ளுங்கள், நான் லைனில் இருக்கிறேன்" என்றாள். இருந்தாள். திரும்பி வந்தபோது குருவி.

ராத்திரி அவரிடம் சொன்னதும் சிரித்து சிரித்து இருமல் வந்துவிட்டது. "கிளப்புக்கு நாந்தான் தலைவரா, இல்ல செயலாளரா?" அத்தையிடமும் போய்ச் சொல்லியிருக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பொய் சொல்லிப் பழக்கமில்லை.

சனி, 8

நேற்று எழுதவில்லை. பாப்பாவுக்குப் பல் வருகிறது, கடைவாய். நானும் அழுதேன், அவளும் அழுதாள்.

மெயில்: "ஆய்வுக் குழு பரிசீலிக்கிறது. ஷூவை நாங்கள் திரும்பக் கேட்கலாம். அதுவரை எந்தப் பழுதும் பார்க்க வேண்டாம். பழுது பார்த்தால் உத்தரவாதம் ரத்து."

இதில் சண்டை. சேலம் ரோட்டில் தேய்ந்த லாரி டயருக்குப் புது ரப்பர் ஒட்டி ரீட்ரெடிங் செய்கிற ராசு அண்ணன் கடைக்கு அவர் ஷூவை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். வாசலில் மறித்தேன்.

"டயரே ஒட்டறாங்க, செருப்பு ஒட்ட மாட்டாங்களா? அரை மணி நேர வேலை."

"ஒட்டுனா மாத்திக் குடுக்க மாட்டாங்க. எழுத்துலயே போட்டிருக்குது."

"அவன் குடுக்கறதுக்குள்ள இன்னொரு மழக்காலம் வந்துரும்."

"ஒரு வாரம் பொறுத்தா புதுசு வருமுங்க. அதே அகலம்."

"திங்கக்கெழம புதுக் குஞ்சு எறக்கறோம். ஷெட்டு பூராக் கழுவோணும். நான் எதுல நிக்கறது, சொல்லு."

"கம்பூட்டு."

சொன்னது நான். அந்த வார்த்தையை நான்தான் சொன்னேன். இதை எழுதி வைக்க வேண்டும்.

அவர் ஷூவை என் கையில் கொடுத்துவிட்டு, கணுக்காலில் பஞ்சு சுற்றி, மேலே சாக்ஸ் இரண்டு போட்டு, கம்பூட்டை மாட்டிக்கொண்டு போனார். வண்டி ஸ்டார்ட் ஆகிற சத்தத்திலேயே கோபம் தெரிந்தது.

ஷூவை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு பீரோ மேல் வைத்துவிட்டேன்.

திங்கள், 10

மழை. காலை பதினொன்று இருக்கும். பண்ணையில் அவருக்குக் கீழே வேலை செய்கிற சின்னப்பன் போன் செய்தார்.

"அக்கா, பயப்படாதீங்க."

பாப்பாவை அத்தையிடம் கொடுத்தேனா, தரையில் விட்டேனா, ஞாபகம் இல்லை.

ஷெட் கழுவிக்கொண்டிருந்தபோது வழுக்கியிருக்கிறார். முழுதாக விழவில்லை. கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார், உள்ளங்கை கிழிந்திருக்கிறது. ஆனால் எடை முழுக்க வலது கால் மேல். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய்விட்டார்கள்.

எக்ஸ்ரே அறை வெளியே உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தேன், எதை என்று தெரியவில்லை, முந்நூறு தாண்டிவிட்டது.

பிளேட் நகரவில்லை. ஸ்க்ரூ ஏழும் அதனதன் இடத்தில். தசைநார் வீக்கம். நாலு நாள் ஊன்றக்கூடாது. டாக்டர் அவரைத் திட்டவில்லை, என்னைப் பார்த்துத்தான் கேட்டார்.

"ஏம்மா, அந்தக் காலுக்குன்னு ஒரு ஷூ வாங்குனீங்களே, அது எங்க?"

"பீரோ மேலங்க" என்று சொல்லியிருக்கிறேன். வாயில் அதுதான் வந்தது. அவர் புரியாமல் பார்த்தார். இவர் அந்த நிலையிலும் சிரிப்பை அடக்கினார்.

ஆட்டோவில் வரும்போது கையைப் பிடித்துக்கொண்டேன். "கம்பூட்டுன்னு சொன்னது நாந்தான்" என்றேன். "உடு" என்றார்.

வாசலில் சின்னப்பன் தோளைப் பிடித்து இறங்கினவர், நேராக டப் பக்கம் திரும்பினார். ஒற்றைக் காலில் நின்றுகொண்டு. "வேண்டாம், உள்ள வாங்க" என்றேன். நான் அப்படிச் சொன்னது இன்றைக்குத்தான் முதல் முறை.

செவ்வாய், 11

காலையில் மெயில். மூன்று பத்தி. முதல் பத்தி முழுக்க வருத்தம்.

இரண்டாவது: "இரண்டு ஷூவிலும் அடியிலிருந்து ஒரே உயரத்தில் வெளுத்த கோடு காணப்படுகிறது. குளோரின் கலந்த தண்ணீரில் தினமும் நெடுநேரம் நிற்கவைத்ததன் விளைவு. அதனால் பசை இளகியுள்ளது. இது தயாரிப்புக் குறை அல்ல." மூன்றாவது: மறுப்பு இருந்தால் ஏழு நாளைக்குள்.

மறுப்பா? கொட்டி எழுதினேன். கால் உடைந்த மனிதனை இரண்டு வாரம் காக்க வைத்துவிட்டுக் கோடு கண்டுபிடித்தார்களாம். போட்டோவில் கோடு தெரிகிறதாம், எங்கள் கஷ்டம் தெரியவில்லையாம். கிளப் மைதானத்துக்குப் பாய்ச்சுகிற தண்ணீரில் குளோரின் இருக்கலாம், அதற்கு நாங்கள் எப்படிப் பொறுப்பு என்று ஒரு வரி. எழுதும்போதே வெட்கம். ஆனாலும் அழிக்கவில்லை. உண்மையில் பண்ணைத் தொட்டியாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். எவ்வளவு ஆழம், என்ன மருந்து என்று தெரிந்தால் அதற்கேற்ற மாதிரி எழுதலாம்.

அவர் காலை இரண்டு தலையணை மேல் வைத்துப் படுத்திருந்தார். பாப்பா அவர் வயிற்றின் மேல்.

"ஏனுங்க, பண்ணைத் தொட்டியில என்ன மருந்து ஊத்தறாங்க?"

"எதுக்கு?"

"அதுலதான் ஷூ போச்சாம். எழுதியிருக்காங்க."

"பண்ணைத் தொட்டியில நான் அந்த ஷூவோட எறங்குனதே இல்லையே. பிளாஸ்டிக் கவர் மாட்டி, ரப்பர் பேண்டு போட்டுத்தான் எறங்குவேன். சின்னப்பனக் கேளு, தெனமும் கிண்டல் பண்ணுவான். புதுப் பொண்ணாட்டம் நடக்கறீங்கன்னு."

"அப்புறம் வேற எங்க..."

அவர் வாசல் பக்கம் பார்க்கவில்லை. பாப்பாவின் கால் விரலை ஒவ்வொன்றாகச் சுண்டிக்கொண்டிருந்தார்.

எழுந்து போய் பீரோ மேலிருந்து ஷூவை எடுத்தேன். ஸ்கேலையும் எடுத்தேன். கோடு, அடியிலிருந்து நாலு செ.மீ. வாசலுக்குப் போய் டப்பில் ஸ்கேலை விட்டேன். நாலு. பாப்பா ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளிலிருந்து நான் தினம் சாயங்காலம் மார்க்கர் கோடு வரைக்கும் ஊற்றி, பாக்கெட்டில் போட்டிருக்கிற அளவை விட இரண்டு மடங்கு பவுடர் கலக்கி.

நூறு எண்ணினது நான். அறுபதில் எடுத்த காலைத் திரும்ப வைக்கச் சொன்னது நான். ரசாயனம் பட்டதா, இல்லை, டிக். அது ரசாயனம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அது சுத்தம்.

உள்ளே வந்து நின்றேன்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"ம்."

"எப்பலிருந்து?"

"ஆயுத பூச சமயத்துல ஓரம் வெளுத்துச்சு. அப்பவே."

"சொல்றதுக்கென்னங்க?"

"சொன்னா டப்ப எடுத்திருப்பியா?"

எடுத்திருக்க மாட்டேன். வேறு பவுடர் தேடியிருப்பேன். இல்லாவிட்டால் வெறுங்காலோடு இறங்கச் சொல்லியிருப்பேன்.

"ஆஸ்பத்திரியில ஏழு நாளு நீ உக்கார்ந்துட்டே இருந்த. ஊட்டுக்கு வந்தும் தூங்கல. டப்பு வெச்ச அன்னிக்குத்தான் தூங்குன. கொறட்ட வேற." பாப்பாவின் சுண்டு விரலுக்கு வந்துவிட்டார். "செருப்புத்தான, போனாப் போவுதுன்னு உட்டுட்டேன்."

எனக்குக் கோபம்தான் வந்தது. இவ்வளவு நல்லவராக இருந்தால் யாரோடு சண்டை போடுவது? கம்பெனியோடு இரண்டு வாரமாகப் போட்ட சண்டையெல்லாம் யாரோடு போட்டது? சமையலறையில் போய் ஒரு பாத்திரம் பாக்கியில்லாமல் தேய்த்தேன். தேய்த்ததையும் தேய்த்தேன்.

புதன், 12

மேகமூட்டம், மழை இல்லை.

நேற்று எழுதினதை அழித்தேன். இதை அனுப்பினேன், ஆங்கிலத்தில்:

என் கணவர் கோல்ஃப் ஆடுவதில்லை. நாமக்கல்லில் கோல்ஃப் கிளப் இல்லை. அவர் கோழிப் பண்ணையில் வேலை செய்கிறார். கணுக்காலில் பிளேட் இருப்பதால் இந்த ஷூ. அதைத் தினமும் ப்ளீச்சிங் பவுடர் தண்ணீரில் நிற்கவைத்தது நான். உங்கள் ஷூ மேல் தவறில்லை. ஈரத்தில் வழுக்கவே இல்லை. இதே அகலத்தில் ஒரு ஜோடி விலைக்குக் கிடைக்குமா? கிடைக்காது என்றால் எப்போது செய்வீர்கள்? இதை மேகாவிடமும் தெரிவிக்கவும். அவருக்குக் கெட்ட பெயர் வரக்கூடாது.

அனுப்பினதும் ஒரே நிமிடம். "உங்கள் கடிதம் எங்களுக்கு மிகவும் முக்கியம்."

ஷூவை நானே எடுத்துக்கொண்டு டவுன் பஸ்ஸில் ராசு அண்ணன் கடைக்கு. பாப்பாவை அத்தையிடம் விட்டு, மூன்று மணி நேரம். இவ்வளவு நேரம் விட்டுப் போனது இதுதான் முதல் தடவை. கடை முழுக்க ரப்பர் வேகிற வாசனை, மலை மாதிரி லாரி டயர். நடுவில் மேசை மேல், அடியில் மொட்டு மொட்டாக ஒரு ஜோடி ஷூ.

"ஏனுங்க தங்கச்சி, இதென்னங்க கிரிக்கெட்டா?"

"கோல்ஃபுங்க."

"அதெல்லாம் நம்மூர்ல ஆரு ஆடறா?"

"ஆருமில்லைங்க. கோழிப் பண்ணைக்குங்கண்ணா."

அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. ஷூவைத் திருப்பி, அந்த ரப்பர் மொட்டுகளை விரலால் தடவிப் பார்த்து, "நல்ல பட்டன்தான், வேலக்காரன் செஞ்சது" என்றார். அடிப்பாகத்தை முழுதாக உரித்து, பழைய பசையைச் சுரண்டி, இரண்டு பக்கமும் உரசி, டயருக்குப் போடுகிற சொல்யூஷன் தடவி, இடையில் மெல்லிசாக ஒரு ரப்பர் வைத்து, இடுக்கியில் இறுக்கினார்.

"நிக்குமாங்கண்ணா?"

"இதே சொல்யூசன்ல ஒட்டுன டயரு காஷ்மீர் வரைக்கும் போயிட்டு வருதுங்க. உங்க ஊட்டுக்காரரு பண்ணைக்கும் ஊட்டுக்கும் போறதுக்குத் தாங்காதா?" இடுக்கியைத் தட்டினார். "ஒண்ணே ஒண்ணு. ப்ளீச்சிங், ஆசிட்டு, டீசல், இதுல எதுலயும் உட்டுறாதீங்க. அப்புறம் நான் பொறுப்பில்ல."

பழுது பார்த்தாயிற்று. உத்தரவாதம் ரத்து.

வீட்டுக்கு வந்து பாப்பாவைக் கையில் வாங்கினேன். பிஸ்கட் தூளும் எச்சிலுமாக இருந்தாள். அத்தை, "ஒரு நாளு நீயில்லாட்டி ஒண்ணும் ஆகறதில்ல பாத்துக்க" என்றார். திட்டா, ஆறுதலா, தெரியவில்லை.

வெள்ளி, 14

நல்ல வெயில். மூன்று நாள் துணி ஒரே நாளில்.

கம்பெனி பதில்: "உங்கள் புகார் முடித்துவைக்கப்பட்டது. எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம்?" அகல சைஸ் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பத்து நிமிடம் கழித்து இன்னொன்று. குளிர்காலத் தொப்பிகளும் பனியன்களும் வந்திருக்கின்றனவாம். மேலே: "அன்புள்ள நாமக்கல் கோல்ஃப் கிளப் உறுப்பினரே." அவ்வளவு உண்மை எழுதினேன், ஒருவரும் படிக்கவில்லை. பொய் மட்டும் பத்திரமாக இருக்கிறது.

நட்சத்திரம் போடவில்லை. பிறகு மேகா லைனில் இருந்தது ஞாபகம் வந்தது. மூன்று போட்டேன்.

அவர் இன்றைக்கு ஷூ போட்டுப் போனார். "கால் ஊனி நடக்கறேன், வலி இல்ல" என்று பத்தரைக்கு மெசேஜ். பன்னிரண்டுக்கு ஒரு வீடியோ: ஈரத் தரை, கால் மட்டும், நடக்கிறது, நிற்கிறது. பின்னால் சின்னப்பன் குரல், "லாரி வருது, வழி உடுங்கோ."

மத்தியானம் டப்பைக் கவிழ்த்தேன். தண்ணீர் போன வழியில் செம்பருத்தி இலை கருகிவிடுமோ என்று மேலே நாலு குடம் நல்ல தண்ணீர் ஊற்றினேன். டப்பைக் கழுவிப் பின்பக்கம் சாய்த்தேன். கேட்டுக்குப் பக்கத்தில் குழாயடியில் ஒரு பலகை, ஒரு சோப்பு, பழைய துண்டு. ஷூ அங்கேயே கழற்ற. பலமுறை போய்ப் பார்த்தேன், சோப்பு இருக்கிறதா என்று.

ஆறேகால். வந்தார். பலகையைத் தாண்டி நேராக வாசலுக்கு வந்து, பழக்கத்தில் வலது காலைத் தூக்கிவிட்டார். கீழே ஒன்றும் இல்லை. தூக்கின கால் அப்படியே.

"டப்பு எங்க?"

"எடுத்துட்டேன். அங்க குழாய்கிட்ட கழட்டிட்டு வாங்க."

"நெசமாலுமா?"

"சீக்கிரம் போங்க, மனசு மாறிரும்."

போனார். முழங்கால் வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவினார், நான் ஜன்னலில் நின்று பார்ப்பது தெரிந்து, விரல் இடுக்கையெல்லாம் காட்டிக் காட்டி. உள்ளே வந்தார். பாப்பா ஓடிப் போய் காலைக் கட்டிக்கொண்டாள். நான் எண்ணவில்லை.

இப்போது எல்லோரும் தூங்கியாயிற்று. ப்ளீச்சிங் பவுடர் பரண் மேல். ஸ்டூல் போட்டால் எட்டும். சற்று முன் பாப்பா இருமினாள், தூக்கத்தில், ஒரே ஒரு தடவை. பேனாவை வைத்துவிட்டுக் காத்திருந்தேன். இரண்டாவது வரவில்லை. இன்னும் வரவில்லை.